உடன் வசிப்போர்

பொருளியல் துறைக்கு ஒரு சிரேஷ்ட பேராசிரியர் தேவை என்ற விளம்பரம் மூன்று ஆண்டுகளில் மூன்று முறை பத்திரிகையில் வந்தது. முதல் முறை எவரும் விண்ணப்பிக்கவில்லை. இரண்டாம் முறை ஒருவர் விண்ணப்பித்தார். அவர் கால்நடை வைத்தியர். மூன்றாம் முறை, 'கிராம–நகரக் கொள்கையில் சிறப்புத் தேர்ச்சி' என்னும் தொடரைத் தடித்த எழுத்தில் அச்சிடுமாறு துறைத் தலைவி ஸப்னா கேட்டுக்கொண்டாள். தடித்த எழுத்தில் அச்சாயிற்று. தொலைபேசியில் ஒரேயொருவர் அழைத்தார். காவலாளி வேலை ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும், விளம்பரம் வடிவாக இருந்தது என்று பாராட்டிவிட்டு வைத்தார்.

கரைவாகு உயர்கல்வி நிறுவகம் கல்முனைக்கு வெளியே, வயல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்தது. அங்கே கிராம–நகரக் கொள்கையில் ஒரு முதுமாணிப் படிப்பைத் தொடங்குவதற்காக ஸப்னா ஆறு ஆண்டுகள் உழைத்திருந்தாள். பாடத்திட்டத்தைப் பதினேழு முறை திருத்தியிருந்தாள். இருபத்துமூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களுள் இருவர் கோமாரியில் கற்பிக்கும் ஆசிரியைகள். இப்படிப்பு இங்கே இல்லையென்றால், வெள்ளிதோறும் கொழும்புக்குப் பஸ் ஏறித் திங்கட்கிழமை காலை திரும்பி வந்து வரவுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியவர்கள். அதாவது, படிக்கப் போகாதவர்கள்.

கொழும்பிலுள்ள உயர்கல்வி ஆணைக்குழு படிப்புக்கு அனுமதி வழங்கியிருந்தது. நிபந்தனை ஒன்றே: ஒக்டோபர் முப்பத்தோராம் திகதி முடிவதற்குள் ஒரு சிரேஷ்ட பேராசிரியர் கடமையேற்க வேண்டும். தவறினால் பதவியும் இல்லை, படிப்பும் இல்லை.

நாட்டில் அத்துறையில் தமிழில் கற்பிக்கக்கூடிய சிரேஷ்ட பேராசிரியர் ஒருவர்தான் இருந்தார். பெயர் காலிதீன். பிறந்தது நற்பிட்டிமுனையில், பெண் எடுத்தது அக்கரைப்பற்றில், முப்பது ஆண்டுகளாகக் கற்பிப்பது கண்டியில். மனிதர்கள் ஏன் ஊரை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள், போனவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்பது பற்றி நாற்பத்திரண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தார். தாமே அக்கட்டுரைகளுக்குச் சிறந்த சான்று என்பதை எதிலும் குறிப்பிடவில்லை.

ஸப்னா அவருக்கு எழுதினாள். அவர் உடனே பதில் எழுதினார், அழகான பதில். வர இயலாமைக்குக் காரணங்கள் மூன்று: நூலகம், வெப்பம், மூட்டுவலி. ஸப்னா ஒவ்வொன்றுக்கும் விடை தேடினாள். நூலகத்துக்கு இணையச் சந்தா எடுக்கப்பட்டிருக்கிறது. பத்தாண்டு வெப்பநிலை அட்டவணை இத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. மூட்டுவலிக்குக் கடற்கரை நடை நல்லது. முடிவில், தானாகவே ஒரு வாக்கியத்தையும் சேர்த்தாள்: "அக்கரைப்பற்றில் தங்கள் மகளின் வீடு இருப்பதால், தங்குமிடமும் ஒரு பிரச்சினையன்று." அக்கடிதத்திலேயே மிக நேர்த்தியான வாக்கியம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த பதிலில் காரணங்கள் ஐந்தாயின.

ஆகஸ்ட் மாதம் பிறந்தபோது நான்கு கடிதங்களில் பதினொரு காரணங்கள் சேர்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் இலக்கம் இடப்பட்டிருந்தது. இலக்கமிட்ட காரணங்களுக்குள் உண்மையான காரணம் பெரும்பாலும் அகப்படுவதில்லை என்பது ஸப்னாவுக்குத் தெரியும். துறைக் கூட்டங்களுக்கு வராத விரிவுரையாளர்களும் அவ்வாறுதான் எழுதுவார்கள்.

"நேர்ல போவம்," என்றார் பீடாதிபதி சாலிஹ். "கடிதத்தில ஆள் மசிய மாட்டார். இது மாப்பிள்ளை கேட்டுப் போறது மாதிரி. பொம்பிளைப் பக்கம்தான் படியேறிப் போகணும்."

"அப்ப நாமதான் பொம்பிளைப் பக்கமா, சேர்?"

"பின்ன? அவரா நம்மளைக் கேட்டு வாறார்? வெறுங்கையோட போகப்படாது. தயிர் எடுப்பம்."

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். எருமைத் தயிர்ச் சட்டிகள் இரண்டைக் கயிற்றுறியில் கட்டி எடுத்திருந்தார்கள். மஹியங்கனைக்கு அப்பால் மலையேறும் பதினெட்டு வளைவுகளிலும் பீடாதிபதி ஒரு சட்டியையும் ஸப்னா மற்றதையும் மடியில் வைத்திருந்தார்கள். பதின்மூன்றாம் வளைவில் பீடாதிபதியின் வெள்ளை நீளக்காற்சட்டை தயிரின் தரத்தை அறிந்துகொண்டது.

பேராசிரியரின் குடியிருப்பு இரண்டாம் மாடியில் இருந்தது. மனிதர் மெலிந்தவர், உயரமானவர். பேசுமுன் தொண்டையைச் செருமுபவர். படிகளில் இரண்டிரண்டாக இறங்கி வந்து தயிரை வாங்கிக்கொண்டு, மீண்டும் இரண்டிரண்டாக ஏறினார். மூட்டுவலி என்ற மூன்றாம் காரணத்தை ஸப்னா மனத்துக்குள் அடித்து நீக்கினாள்.

அவருடைய மனைவி சுபைறா சலாத்துக்குப் பதில் சொல்லி இருவரையும் இருக்கச் செய்தார். சமையலறையில் வட்டிலப்பம் என்னும் தேங்காய்ப்பால் இனிப்பு வெட்டும் மணம் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது.

"யோசிக்க ஒண்டும் இல்ல, சேர்," என்றார் பீடாதிபதி. "பிறந்த ஊர். பெரிய பதவி. அக்கரைப்பற்றில மகள்ட ஊடு, மேல்மாடியும் கட்டின ஊடு. நிறுவகத்துக்கு வந்து போக முக்கால் மணித்தியாலம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாக் காணும்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். சுபைறா எழுந்து சமையலறைக்குப் போனார். தட்டுகள் சத்தமிட்டன, பிறகு அவையும் ஓய்ந்தன. கால் மணி நேரமாகியும் வட்டிலப்பம் வரவில்லை. பேராசிரியர் பன்னிரண்டாம் காரணத்தை விளக்கத் தொடங்கியிருந்தார்; அது காற்றின் ஈரப்பதன் பற்றியது.

ஸப்னா வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

"வைங்க மகள், நான் கழுவுறன்," என்றார் சுபைறா. வட்டிலப்பம் வெட்டப்பட்டு, மூடி வைக்கப்பட்டிருந்தது. "அந்தக் கடிதம் எழுதினது நீங்களா?"

"எந்தக் கடிதம், மாமி?"

"மகள்ட ஊடு இரிக்கி, தங்குமிடம் பிரச்சினை இல்ல எண்டு எழுதின கடிதம்."

"ஓம்."

"நல்ல தமிழ். அவர் ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினார்."

அது பாராட்டன்று என்று விளங்க ஸப்னாவுக்குச் சற்று நேரம் எடுத்தது.

"உங்களுக்கு ஊடு இரிக்கா?" என்று சுபைறா கேட்டார்.

"இரிக்கி, மாமி. உம்மா தந்தது."

"உம்மா இப்ப எங்க?"

"அதே வளவில, பின்னுக்கு ரெண்டு அறை கட்டி இரிக்கிறாங்க."

"அந்த ரெண்டு அறைட திறப்பு ஆருக்கிட்ட?"

"உம்மாக்கிட்டத்தான்."

"அப்ப உங்கட உம்மாக்கும் ஊடு இரிக்கி. எனக்கு இல்ல. மகள் அஸ்பியாட கலியாணத்துக்கு முழு வளவையும் எழுதிக் குடுத்திட்டம். பின்னுக்கு அறை கட்டக் காணி இல்ல, கிணறு இரிக்கி. மகள் வா வா எண்டுதான் சொல்றாள். மருமகனும் தங்கமான ஆள். நான் மூணு நாள் விருந்துக்குப் போவன். நாலாம் நாளும் நிண்டா, அந்த மனிசன் சொந்த ஊட்டில சாரனோட ஆறுதலா இரிக்க ஏலாம, சேட்டும் போட்டு பட்டனும் பூட்டிக்கொண்டு திரிவார். பாக்கப் பாவமா இரிக்கும்."

"நிறுவகத்தில குவாட்டஸ் தருவாங்க, மாமி."

"ஆருக்கு?"

"சேருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றன்."

ஸப்னா குழாயை மூடினாள். "இஞ்சயும் சேர்ட குவாட்டஸ்தானே?"

"இது கண்டி, மகள். மேல இரிக்கிறவங்களுக்குப் பத்தொம்பது வருசமா என்ட பேர் தெரியா. ஆர்ட ஊடு எண்டு இஞ்ச ஒருத்தரும் கேக்கிறல்ல. அங்க நான் பஸ்ஸால இறங்கிப் பெட்டியைக் கீழ வைக்க முதல் கேப்பாளுகள்: சுபைறா, ஆர்ட ஊட்டில இரிக்காய்? என்னத்தைச் சொல்ற? புருசன்ட ஊட்டில எண்டா? நம்மட பக்கத்தில ஒருத்தி அப்பிடிச் சொல்லிக் கேட்டிரிக்கீங்களா?"

ஸப்னா கேட்டதில்லை. அவளுடைய கணவன் றிஸ்கான், மின்மானி வாசிப்பாளர் வந்து வீட்டுக்காரர் யார் என்று கேட்கும்போதெல்லாம், "நான் இஞ்ச மாப்பிள்ளை, அவக்கிட்டக் கேளுங்க," என்று உள்ளே கையைக் காட்டுபவன். அதை அவன் குறையாகச் சொன்னதும் இல்லை. அவள் குறையாகக் கேட்டதும் இல்லை. கடற்கரை நெடுக எல்லா வீடுகளிலும் அவ்வாறுதான்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து சேர்பவன்.

"சேர் இதை ஒரு கடிதத்திலயும் எழுதல்லையே, மாமி."

"எப்பிடி எழுதுவார்? என்ட பொஞ்சாதிக்கு ஊடில்ல எண்டு ஆம்பிளை எழுதினா, எனக்கு ஊடு தந்த வாப்பாட மானமும் போகும், அதில இரிந்த அவர்ட மானமும் போகும். அதுதான் மூட்டுவலி எண்டு எழுதினார். அவருக்கு மூட்டுவலி இல்ல. எனக்குத்தான்."

ஸப்னா சிரித்துவிட்டாள். சுபைறாவும் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமி, உங்கட பேரில ஒரு ஊடு கிடைச்சா?"

"விலைக்கா?"

"விலைக்கு இல்ல. ஆனா உங்கட பேரில."

சுபைறா ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டார். பிறகு வட்டிலப்பத்தின் மூடியைத் திறந்தார். "கொண்டு போய்க் குடுங்க. உங்கட டீன் நல்லாக் காய்ஞ்சு போயிருப்பார்."

திரும்பி வரும் வழியில் பீடாதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்தார். "மாப்பிள்ளை கேட்டுப் போய், ஊட்டைப் பத்திக் கதைக்காம வந்திருக்கம். அதுவும் போதாதெண்டு, குடுத்த ஊட்டைத் திருப்பிக் கேக்கச் சொல்லியிருக்கன். என்ட உம்மா கேள்விப்பட்டா என்னைக் கடலுக்க தள்ளுவா."

திங்கட்கிழமை காலை ஸப்னா பிரதிப் பதிவாளர் ஹாதிக்கின் அறைக்குப் போனாள். ஹாதிக் எதற்கும் இல்லை என்று சொல்வதில்லை. எந்தப் பிரிவு என்றுதான் கேட்பார். நிறுவக விதிக்கோவை அவருடைய மேசையில், வலக்கைக்கு எட்டும் தூரத்தில், வேறெந்தப் பொருளும் தொடாதபடி இருந்தது.

"குவாட்டஸை உத்தியோகத்தர்ட மனைவி பேரில குடுக்கலாமா?"

"பிரிவு பதினாலு, குவாட்டஸ். குடுக்க ஏலா. அது உத்தியோகத்தருக்கு மட்டும்." அவர் பக்கத்தைப் புரட்டினார். "ஆனா நம்மட குவாட்டஸ் எல்லாம் நிரம்பியிருக்கு. அந்த நேரத்தில பிரிவு பதினஞ்சு வரும். வெளியில ஒரு ஊட்டை நிறுவகம் குத்தகைக்கு எடுக்கலாம். அதில உத்தியோகத்தர் எண்டு இல்ல. குடியிருப்பாளர் எண்டு இரிக்கி." சுட்டுவிரலால் வரியைத் தொட்டு வாசித்தார்: "'குடியிருப்பாளர் என்பது உத்தியோகத்தரை, அல்லது அவர் எழுத்துமூலம் பெயர் குறிப்பிடும் வாழ்க்கைத் துணையைக் குறிக்கும்.'"

"இதை ஆர் எழுதினது?"

"ஒரு குழு. ஏழு பேர். ஏழு பேரும் இந்தப் பக்கத்து மாப்பிள்ளைமார்."

"அப்ப இதை முந்தியும் பாவிச்சிரிக்காங்க?"

"இல்ல மெடம். இண்டு வரைக்கும் தேவைப்படல்ல. வந்த எல்லாருக்கும் பொஞ்சாதிட ஊடு இரிந்திச்சி." அவர் விதிக்கோவையை மூடி, விளிம்பைச் சரிசெய்தார். "நானும் சாய்ந்தமருதில மாமனார் பேர் போட்ட கேட்டுக்குள்ளதான் இரிக்கன். பிரிவு பதினஞ்சுக்கு வேலை வாறது எனக்குச் சந்தோசம்."

அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் தென்படவில்லை. ஆயினும் படிவத்தைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

வீடு ஒரு வாரத்தில் அகப்பட்டது. நற்பிட்டிமுனை வயற்கரையில், செல்லத்தங்கம் என்னும் இளைப்பாறிய ஆசிரியையின் வீடு. அவர் மட்டக்களப்பில் மூத்த மகளுடன் இருந்தார். இந்த வீட்டை இளைய மகளுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார். இளைய மகள் வெளிநாட்டிலிருந்து வர ஏழெட்டு ஆண்டுகள் செல்லும்.

"பேராசிரியருக்கெண்டால் யோசிக்க வேணும்," என்றார் செல்லத்தங்கம் தொலைபேசியில். "படிச்ச ஆம்பிளையள் சுவரெல்லாம் ஆணி அடிப்பினம், புத்தகத் தட்டு மாட்ட."

"அவருக்கில்ல, ரீச்சர். அவர்ட மனைவி பேரில எடுக்கிறம். அவங்க அங்க ஊட்டை மகளுக்குக் குடுத்திட்டாங்க."

"அப்பிடியே? அதை முதலே சொல்லியிருக்கலாம்தானே, பிள்ளை. திறப்பு அடுத்த வீட்டில இருக்கு. அவவை வந்து பாக்கச் சொல்லுங்கோ."

சுபைறா வந்து பார்த்தார். அதற்கென்றே கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தார். மகள் அஸ்பியாவையும் கூட்டி வந்திருந்தார். பேராசிரியரைக் கூட்டி வரவில்லை. ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். சுவர்களைத் தட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். சமையலறை யன்னலைத் தள்ளியபோது வயற்காற்று உள்ளே வந்து அடுப்படியின் பழைய நாட்காட்டியைப் படபடக்கச் செய்தது.

"உம்மா, அக்கரைப்பற்றில எங்கட ஊடு இரிக்கக்குள்ள ஏன் இது?" என்று அஸ்பியா மனம் பொறுக்காமல் கேட்டாள்.

"நீ என்னைப் பாக்க வாறதுக்கு, மகள். இவ்வளவு நாளும் நான் வந்தன். இனி நீ வாவன். மூணு நாளைக்கு மேல நிண்டாலும் ஒண்டும் சொல்லமாட்டன்."

அஸ்பியா தாயின் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். சிரிப்போடு சிறிது கண்ணீரும் வந்தது. அதைத் துடைத்துவிட்டு, அலுமாரிகளின் ஆழத்தை அளக்கத் தொடங்கினாள்.

"எல்லாம் சரி," என்றார் சுபைறா, ஸப்னாவிடம். "அவருக்கு மேசை போடத்தான் இடம் காணா."

"சேருக்கு நிறுவகத்தில பெரிய அறை இரிக்கி, மாமி."

"அப்ப எல்லாம் சரிதான்."

நான்கு நாட்களில் பேராசிரியரின் ஐந்தாவது கடிதம் வந்தது. அதனுள் விண்ணப்பம் இருந்தது. பிரிவு பதினைந்தின் படிவமும் இருந்தது. கடிதத்தில் இலக்கமிட்ட காரணம் ஒன்றும் இல்லை. "என் மனைவி சம்மதித்துவிட்டார். நானும் வருகிறேன்," என்று இரண்டு வாக்கியங்கள் மட்டும் இருந்தன. ஸப்னா அவற்றை நான்கு முறை வாசித்தாள். இதுவரை அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்த கடிதம் அதுவே என்று ஹாதிக்கிடம் சொன்னாள். ஹாதிக் படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முதலாம் நிரல், குடியிருப்பாளர்: சுபைறா. ஏழாம் நிரல், உடன் வசிப்போர், அதன் கீழ், பேராசிரியரின் நேர்த்தியான கையெழுத்தில்: பெயர், காலிதீன், உறவு, கணவர், தொழில், சிரேஷ்ட பேராசிரியர் (தெரிவுக்கு உட்பட்டது).

"அடைப்புக்குறி அவசியமில்ல," என்றார் ஹாதிக். "ஆனா நேர்மையான மனிசன்."

நேர்முகத் தெரிவு ஒக்டோபர் ஒன்பதாம் திகதி நடந்தது. துறைத் தலைவி என்ற முறையில் ஸப்னாவும் மேசையின் ஓரத்தில் அமர்ந்திருந்தாள். கொழும்பிலிருந்து வந்த வெளியுறுப்பினர் நாற்பத்திரண்டு கட்டுரைகளின் பட்டியலையும் புரட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நகரத்துக்குப் போன நிபுணர்கள் ஊருக்குத் திரும்புவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்பளம், பாடசாலை, வைத்தியசாலை, போக்குவரத்து என்று நான்கு காரணங்களை நிறுவியிருக்கிறீர்கள். அவற்றுள் எது மாறியதால் நீங்கள் திரும்புகிறீர்கள்?"

ஈரப்பதன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று ஸப்னா உள்ளூர வேண்டிக்கொண்டாள்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "நான்கில் ஒன்றும் மாறவில்லை. என் மனைவிக்கு அங்கே ஒரு வீடு கிடைத்திருக்கிறது."

"அதாவது, உங்களுக்கு."

"இல்லை. என் மனைவிக்கு." அவர் கைகளைக் கோத்து மேசையில் வைத்தார். "முப்பது ஆண்டுகளில் நான்காயிரம் குடும்பங்களிடம் வினாக்கொத்து நிரப்பியிருக்கிறேன். குடும்பத் தலைவரின் வருமானம் என்ன, நிலம் எவ்வளவு, சாலை எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டேன். வீடு யாருடையது என்று ஒரு வினாக்கொத்திலும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விடயம். அதனால்தான் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பதினெட்டு வளைவுகளையும் யார் இறங்குவது, யார் ஏறுவது என்பதை அந்த வினாதான் தீர்மானிக்கிறது போலும். நியமனம் கிடைத்தால், முதல் ஆய்வு அதுதான்."

வெளியுறுப்பினர் நீண்ட நேரம் எழுதினார். பிறகு, தமது மனைவி மாத்தறையில் இருப்பதாகவும், தாம் இருபது ஆண்டுகளாக வார இறுதியில் பஸ் ஏறுவதாகவும், யாரும் கேளாமலே சொன்னார். தெரிவு ஏகமனதாக அமைந்தது.

முப்பதாம் திகதி வந்துசேர வேண்டியவர்கள் வரவில்லை. மலையில் பெய்த மழையில் மரம் ஒன்று வீதியில் விழுந்துவிட்டது. தளபாட லொறியும் அதன் பின்னால் வந்த வானும் ஏழாம் வளைவில் நின்றன. முப்பத்தோராம் திகதி நண்பகலில்தான் வீதி திறந்தது. ஸப்னா மணிக்கொருமுறை அழைத்தாள். மூன்று மணிக்கு அவர்கள் அம்பாறையைக் கடந்திருந்தார்கள். நிறுவக அலுவலகம் நாலேகாலுக்கு மூடப்படும். அதற்குள் கடமையேற்புப் பதிவேட்டில் கையெழுத்து விழ வேண்டும்.

"லொறி நேர ஊட்டுக்குத்தான் போகும்," என்றார் சுபைறா தொலைபேசியில். "முதல் ஊட்டைத் திறந்து பால் காய்ச்சாம நான் ஒரு இடமும் போகமாட்டன். அவரும் போகமாட்டார்."

ஸப்னா ஹாதிக்கைப் பார்த்தாள். ஹாதிக் விதிக்கோவையைப் பார்த்தார்.

"பதிவேட்டில நிறுவக எல்லைக்குள்ள கையெழுத்து வைக்கணும் எண்டு இரிக்கி," என்றார். "குத்தகைக்கு எடுத்த ஊடு நிறுவக எல்லைதான். பிரிவு பதினஞ்சு, கடைசி வரி." பதிவேட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

மூன்றே முக்காலுக்கு லொறி வயற்கரைக்கு வந்து நின்றது. பீடாதிபதி சாலிஹ் முன்பே வந்து காத்திருந்தார். மடியிலன்றிக் கையில், ஒரு தயிர்ச் சட்டியுடன். அஸ்பியாவும் கணவரும் வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். வேலிக் கதவான படலையில் ஒரு புதிய பலகை தொங்கியது. அஸ்பியா எழுதுவித்தது: சுபைறா இல்லம்.

சுபைறா வானிலிருந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைக்குமுன் வேலியோரத்திலிருந்து குரல் வந்தது.

"சுபைறா, எந்தப் பக்கம்? ஆர்ட ஊடு?"

"என்ட ஊடு," என்றார் சுபைறா. "வாங்களன் உள்ளுக்கு."

ஹாதிக் திறப்பை நீட்டினார். சுபைறா வாங்கி, திறப்பைப் பெற்றதற்கான படிவத்தில் கையெழுத்திட்டு, முன்கதவைத் திறந்து உள்ளே போனார். அஸ்பியா பாலுடன் பின்னால் போனாள். பேராசிரியர் படலைக்கு வெளியிலேயே நின்றார். அவரை யாரும் நிறுத்தவில்லை. அழைக்காமல் மாப்பிள்ளை உள்ளே போவதில்லை, அவ்வளவுதான்.

"சேர், அதுக்குள்ள இதில ஒரு கையெழுத்து," என்றாள் ஸப்னா.

படலைத் தூணும் நிறுவக எல்லைதான் என்று ஹாதிக் சொல்ல, அதன் மேல் பதிவேட்டை விரித்தார்கள். பேராசிரியர் சட்டைப்பையைத் தடவினார், பேனை இல்லை. ஹாதிக் தமது பேனையைக் கொடுத்தார். திகதி, நேரம், பெயர், கையெழுத்து. மூன்று ஐம்பத்திரண்டு. ஹாதிக் தமது கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

ஸப்னா பதிவேட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆறு ஆண்டுகளும் பதினேழு திருத்தங்களும் ஒரு வரியில் முடிந்துவிட்டன. அவளுக்கு உரக்கச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. துறைத் தலைவி என்ற பொறுப்பு அதைப் புன்னகையோடு நிறுத்திற்று.

"மாப்பிள்ளை படலையில நிக்கார், கால் கழுவ மச்சான் இல்லையே," என்றார் பீடாதிபதி. இப்பக்கத்துக் கலியாணங்களில் மணமகனின் பாதத்தைப் பெண்ணின் தம்பி கழுவி, அதற்கு மோதிரம் வாங்கிக்கொள்வான். "ஹாதிக், நீங்க ஊத்துங்களன்."

"அது விதிக்கோவையில இல்ல, சேர்," என்றார் ஹாதிக். ஆயினும் மோட்டார் சைக்கிளில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து, குனிந்து, பேராசிரியரின் செருப்புக் கால்களில் அளவாக ஊற்றினார். வேலியோரத்துப் பெண்கள் சிரித்துக் குரவையிட்டார்கள். பேராசிரியர் விரல்களைப் பார்த்தார், மோதிரம் இல்லை. கையிலிருந்த பேனையை மிகுந்த மரியாதையோடு ஹாதிக்கிடம் நீட்டினார்.

அது ஹாதிக்கின் பேனைதான். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

ஸப்னா கைத்தொலைபேசியை எடுத்து இருபத்துமூன்று பேரின் குழுவில் எழுதினாள்: "முதலாவது வகுப்பு வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பிந்த வேண்டாம்." அவள் தொலைபேசியைப் பையில் வைக்குமுன் கோமாரியிலிருந்து பதில் வந்துவிட்டது: "ஆறு மணி பஸ்ஸில ரெண்டு பேரும் ஏறுறம் மிஸ். எட்டரைக்கு வாசல்ல நிப்பம்."

உள்ளே பால் பொங்கியது. சுபைறா வாசலுக்கு வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, படலையைப் பார்த்தார்.

"வாங்க," என்றார்.

பேராசிரியர் கட்டுரைகள் அடங்கிய பெட்டி ஒன்றை லொறியிலிருந்து தாமே இறக்கி, இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு, வலக்காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, முன்மண்டபத்தின் நடுவில் நின்றார்.

"இதை எங்க வைக்கிற, சுபைறா?"

"கொஞ்சம் பொறுங்க. இடம் பாத்துச் சொல்றன்," என்றார் சுபைறா, அலுமாரிப் பக்கம் நடந்தபடி.

பேராசிரியர் பொறுத்துக்கொண்டு நின்றார். பெட்டி பாரமாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் அதற்கான அறிகுறி எதையும் ஸப்னா காணவில்லை.